மொறிஸ் மைனருக்கு டட்சன் எஞ்சின் பூட்டின கதை

கார் 1963 மொடல் மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 1098 சிசி எஞ்சின். பெரியப்பான்ர கார். கோப்பாயில வளவுக்குப் பின்னால கிடுகுக் கொட்டிலுக்கை வருசக்கணக்கா நிண்டது, கொட்டில் ஒரு பக்கம் சரிஞ்சு கிடுகு எல்லாம் கூரையில உக்கிப்போய்க் கிடந்தது, நாலு ரயரும் மண்ணுக்கை புதைஞ்சு, பின் சீற்றுக்கை எலிக் கூடு. ரெண்டு பேர் விலை கேட்டு வந்தவை, ரெண்டு பேரும் இரும்பு விலைக்குத்தான் கேட்டவை. அதுக்குப் பிறகுதான் நான் இதில கை வைக்கிறதெண்டு முடிவெடுத்தன், ஏனெண்டா மைனர் எண்டது இரும்பு விலைக்குப் போற சாமான் இல்லை.

முதல் வேலை எஞ்சின் சுத்துதோ எண்டு பாக்கிறது. பிளக் நாலையும் கழட்டி ஒயில் விட்டு ஊறவிட்டு முன் புல்லியில ஸ்பனர் போட்டுப் பாத்தம், அசையேல்லை. ஹெட்டைக் கழட்டினாப் பிறகு விசயம் விளங்கிச்சு. மூண்டாம் நாலாம் சிலிண்டரில தண்ணி இறங்கிக் கறள் பிடிச்சு ரிங் எல்லாம் சுவரோட ஒட்டிப்போச்சு, வால்வுத் தலை முழுக்கக் கரி, அதுவும் சாதாரண கரி இல்லை, கட்டியா இறுகின கரி.

அந்தக் கரிக்கு ஒரு காரணம் இருக்கு. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலம் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வாறேல்லை, கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஒரு சின்னப் போத்திலில கொஞ்சம் பெற்றோல் வச்சிருந்து காபரேட்டருக்குத் துளி துளியா விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. ஓடும், அதில சந்தேகமில்லை, எத்தினையோ நோயாளியளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அப்பிடி ஓடின ஒஸ்ரினும் மொறிசும்தான். ஆனா மண்ணெண்ணெய் முழுசா எரியாது, எரியாத மிச்சம் ரிங்கால இறங்கி ஒயிலோட கலந்து ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும், இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளி வைக்காட்டி எஞ்சின் தட்டும். 95 இடப்பெயர்வோட கார் வளவிலயே விடுபட்டுது, திரும்பி வந்து கொஞ்சக் காலம் ஓடினது, 2002இல யாழ்ப்பாணத்தைத் தெற்கோட இணைக்கிற ஏ9 பாதை திறந்து பெரியப்பா ஒரு யப்பான் வான் எடுத்தாப் பிறகு இதைக் கொட்டிலுக்கை விட்டதுதான்.

இப்ப கேள்வி, பழைய எஞ்சினையே கட்டுறதோ வேற எஞ்சின் போடுறதோ. எனக்கு முதலில மனசு பழைய எஞ்சினிலதான் நிண்டது. லேத்துக்குக் கொண்டுபோய் அளந்து பாத்தா சிலிண்டர் ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ் வரைக்கும் போர் பண்ணிப்போட்டினம், இனி நாலுக்கும் ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள இறக்கிற புதுக் குழாய்) போடோணும், பிஸ்டன் இங்கிலாந்திலயிருந்து வரோணும், கிராங்கும் அரைக்கோணும். அதோட அந்த 1098 எஞ்சின்ர கட்டமைப்பை விளங்கிக்கொள்ளோணும்: சிலிண்டர் அகலம் 64.58 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 83.72, நீளமான ஸ்ட்ரோக், ஆனா கிராங்கைத் தாங்கிறது மூண்டு மெயின் பேரிங்தான். பின்பக்கம் ஒயில் சீல் எண்டே ஒண்டு இல்லை, ஒயிலைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளுற ஒரு திருகு வெட்டு மட்டும்தான், அதாலதான் பழைய மைனர் நிண்ட இடமெல்லாம் ஒயில் கறை. போதாததுக்கு இலங்கையில 2002இல ஈயம் கலந்த பெற்றோலை நிப்பாட்டிப்போட்டினம், வார்ப்பிரும்பு ஹெட்டில வால்வு உக்காருற இடம் ஈயம் இல்லாத பெற்றோலுக்குக் கெதியாத் தேயும், அதுக்கும் கடினமான சீற் போடோணும். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தன். என்ர கையில இருந்த காசு முழுக்க எஞ்சினுக்கே போயிடும், பொடிக்கும் பிரேக்குக்கும் ஒரு சதமும் மிஞ்சாது.

எங்கட மெக்கானிக் அண்ணைதான் சொன்னவர். "தம்பி, உதுக்கு ஒரு ஏ12 போடு. கொப்பற்ற காலத்திலயே எத்தினை மைனருக்குப் போட்டிருக்கிறன்."

அவர் சொன்னது புதுசில்லை. இலங்கையில அறுபதுகளிலயிருந்து 77 வரைக்கும் கார் இறக்குமதி இறுக்கமா இருந்ததால இருக்கிற இங்கிலாந்துக் காரை வச்சுத்தான் சமாளிச்சது, பிறகு யப்பான் கார் வரத் தொடங்க, மைனருக்கு டட்சன் எஞ்சின் போடுறது ஒரு வழமையாவே வந்திட்டுது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலயும் இதே மாத்தத்தைத்தான் ஆக்கள் நிறையச் செய்திருக்கினம். நிசான் ஏ12 எண்டது அந்தக் கம்பனி டட்சன் எண்ட பேரில வித்த டட்சன் 1200, பிறகு 120வை (120Y) காரில வந்த எஞ்சின். 1171 சிசி, சிலிண்டர் 73 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 70, அதால வேகமாச் சுத்தினாலும் நோகாது. அஞ்சு மெயின் பேரிங், அலுமினிய ஹெட், பின்னால உண்மையான ஒயில் சீல். பழைய 1098க்குக் கம்பனி சொன்னது 48 குதிரை வலு, ஏ12க்கு 69 எண்டு போட்டிருப்பினம், ரெண்டும் அளந்த முறை வேற, அதால அந்த வித்தியாசத்தை அப்பிடியே எடுக்கக்கூடாது, ஆனாலும் ஓட்டிப் பாத்தா வித்தியாசம் வடிவாத் தெரியும்.

எனக்கு இன்னொரு காரணமும் பிடிச்சிருந்தது. நிசான் கம்பனி 1952இல ஒஸ்ரினோட ஒப்பந்தம் செய்து யப்பானில ஏ40 சொமர்செற் பூட்டினது, பிறகு ஏ50 கேம்பிரிட்ஜ். எங்கட யாழ்ப்பாணம் டவுணில ராக்சியா நிண்ட அதே சொமர்செற். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் அவை 1966இல டட்சன் சனி (Sunny) எண்ட காரைக் கொண்டு வந்தவை. எஞ்சினைத் திறந்து பாத்தா புஷ்ரொட், ரொக்கர் எல்லாம் ஒஸ்ரின் வேலை பழகின கைக்கு உடனை பிடிபடும். மைனருக்குள்ள அது வேத்து ஆள் மாதிரித் தெரியேல்லை.

எஞ்சின் தேடுறது லேசில்லை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய கார் எல்லாத்துக்கும் விலை ஏறிப்போச்சு, பழைய சாமானுக்கும் அப்பிடித்தான். கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில கேட்டா எஞ்சின் மட்டும் ஒரு விலை, கியர் பொக்ஸ் தனி விலை எண்டினம். கடைசியா வவுனியாவில பொடி முழுக்க உக்கின ஒரு 120வை உடைக்கப்போயினம் எண்டு கேள்விப்பட்டுப் போனம். இதில ஒரு விசயம் சொல்லோணும், எஞ்சினைத் தனிய வாங்கிறதை விட உடைக்கிற காரிலயிருந்து முழுசா எடுக்கிறதுதான் உண்மையில காசு மிச்சம். ஸ்டார்ட்டர், ஓல்டனேட்டர், கிளச் சிலிண்டர், புரொப்பலர் ஷாஃப்ட், மீற்றர் கேபிள், எஞ்சின் மவுண்டிங் றப்பர், அக்சிலேட்டர் கேபிள், வயர் துண்டு, சின்னச் சின்ன கொக்கி வரைக்கும் வேணும், இதெல்லாத்தையும் பிறகு ஒண்டொண்டாத் தேடினா எஞ்சின் விலையை விடக் கூடப்போகும். நாங்கள் போய் காரிலயே பற்றரி குடுத்து எஞ்சினை ஓட விட்டுப் பாத்தம், கொம்பிரசன் நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, டைமிங் செயின் சத்தம் கொஞ்சம், ஒயில் மூடியில தண்ணி கலந்த வெள்ளை இல்லை. அவ்வளவும் காணும்.

எஞ்சின் எடுக்கேக்கை அந்தக் காரின்ர பதிவுப் புத்தகக் கொப்பியையும் கையெழுத்து வச்ச ரசீதையும் கேட்டு வாங்குங்கோ. எஞ்சின் நம்பர் மாறினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில சொல்லிப் புத்தகத்தில மாத்தோணும், காரைப் பரிசோதிப்பினம், எஞ்சின் எங்கயிருந்து வந்ததெண்டு கேப்பினம். கடுதாசி இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவெண்டாலும் வேண்டாம்.

எஞ்சின் எங்கட கராச்சில வந்து இறங்கினாப் பிறகும் நான் அதைத் தொடேல்லை. முதல் பொடி, பிறகு பிரேக், பிறகுதான் எஞ்சின். மைனருக்குத் தனிச் சசி இல்லை, பொடியே சசி, அதால கறள் எங்க பிடிச்சிருக்கு எண்டதுதான் காரின்ர ஆயுள். வெளியில மட்கார்ட் எல்லாம் போல்ட் போட்டது, கழட்டிப் புதுசு பூட்டலாம், அது எவ்வளவு உக்கினாலும் கவலையில்லை. பாக்கவேண்டியது கீழ: முன்னுக்கு நீளமா ஓடுற சசிக் கால் ரெண்டு, முன் சீற்றுக்குக் கீழ குறுக்கால போற கிறொஸ் மெம்பரின்ர ரெண்டு முனை, பின் ஸ்பிரிங் வந்து மாட்டுற இடம். எங்கட காரில ஒரு பக்க கிறொஸ் மெம்பர் முனையும் பின் ஸ்பிரிங் மாட்டுற ரெண்டு இடமும் விரலால அமத்தினா உள்ளுக்குப் போச்சு. முன்பக்க ரோர்ஷன் பாரின்ர (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யிற கம்பி) பின் முனை வந்து நிக்கிறதே அந்தக் கிறொஸ் மெம்பரிலதான், அது உடைஞ்சா முன் சில்லைத் தாங்க ஒண்டுமில்லை. உக்கினதுக்கு மேல தகரம் வச்சு ஒட்டிறது வேலையில்லை. நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் வெட்டி எடுத்து, அதே தடிப்பில தகடு மடிச்சு, வெட்ட முதல் கதவு எல்லாம் சரியாப் பூட்டுற மாதிரி உள்ளுக்குக் கம்பி குறுக்கால ஒட்டி இறுக்கி வச்சிட்டுத்தான் வெட்டினம், இல்லாட்டி பொடி தொய்ஞ்சு பிறகு கதவு பூட்டாது.

முன் சில்லுக்குக் கீழ, சில்லைத் திரும்ப விட்டுத் தாங்கிற ட்ரனியனைப் பற்றி மைனர் வச்சிருக்கிற எல்லாரும் தெரிஞ்சிருக்கோணும். புரிவெட்டின சாமான், கிறீஸ் அடிக்காமல் விட்டா புரி தேஞ்சு ஒரு நாள் கழண்டு சில்லு அப்பிடியே வெளியில மடிஞ்சுபோடும், அதுவும் திருப்பத்திலதான் நடக்கும். பழசு ரெண்டையும் கழட்டிக் கையில வச்சு ஆட்டிப் பாத்தம், ஆட்டம் இருந்துது, யோசிக்கேல்லை, ரெண்டும் புதுசு.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின்ர காலுக்குக் கீழ சசிக் காலுக்கு உள்ளுக்கை இருக்கு. அதைப் பிடிச்சிருக்கிற போல்டை இழுத்தெடுக்க ரோர்ஷன் பார் குறுக்க நிக்கும், அதால பாரை இறக்கினாத்தான் போல்ட் வரும். பாரில இருக்கிற முறுக்கு சும்மா இல்லை, ஜாக் வச்சு ஆறுதலாத் தளர்த்தோணும், அவசரப்பட்டா கையை உடைச்சுப்போடும். அண்ணை திருப்பிப் பூட்டேக்கை போல்டை மற்றப் பக்கத்தால போட்டவர், இனி எப்ப சிலிண்டர் கழட்டினாலும் பாரில கை வைக்கத் தேவையில்லை. சில்லுச் சிலிண்டர், ஹோஸ், குழாய் எல்லாம் புதுசு. 62இல 1098 எஞ்சினோட முன் ட்ரம் எட்டு இஞ்சியா வந்தது, அது நல்ல நிலையில இருந்தா ஏ12க்குக் காணும், முந்தின ஏழு இஞ்சி ட்ரம் உள்ள மைனருக்கு இந்த எஞ்சினைப் போடாதேங்கோ, முதல் பிரேக்கை மாத்துங்கோ. மொத்தச் செலவை மூண்டு பங்காப் பிரிச்சா எஞ்சினும் கியர் பொக்சும் ஒரு பங்குதான், மற்ற ரெண்டும் இந்தக் கீழ்வேலைக்குத்தான் போச்சு.

எஞ்சின் பூட்டேக்கை நாங்கள் ஒரே ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தம்: பொடியில ஒரு இடமும் வெட்டக்கூடாது, ஆரும் ஒரு நாள் பழைய 1098ஐத் திருப்பிப் போட விரும்பினா ஸ்பனர் மட்டும் காணும். அண்ணைக்கு முதல் இது பிடிக்கேல்லை. "ரெண்டு இஞ்சி வெட்டினா அரை நாளில முடியும் தம்பி" எண்டார். நான் விடேல்லை. பிறகு அவரே ஆர்வமா அளவெடுக்கத் தொடங்கிட்டார்.

முதல் ஹெட், மனிபோல்ட், ஓல்டனேட்டர் ஒண்டும் இல்லாத வெறும் புளொக்கையும் கியர் பொக்சையும் செயின் புளொக்கால இறக்கி மரக்கட்டையில நிப்பாட்டினம், பாரம் குறைவா இருந்தா அங்கால இங்கால அரைக்கிறது லேசு. மைனரில ஸ்டியரிங் ராக் எஞ்சினுக்குப் பின்னால பல்க்ஹெட் எண்ட தகட்டுச் சுவரோட குறுக்கால ஓடுது, அதுக்கும் பெல்ஹவுசிங்குக்கும் (எஞ்சினோட சேருற கியர் பொக்சின்ர முன் கூடு) இடையில இடம் இருக்கோணும், முன்னால ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையில இடம் இருக்கோணும், இந்த ரெண்டுக்கும் நடுவிலதான் எஞ்சின் நிக்கிற இடம் தானா அமையும். அதோட முக்கியமானது சரிவு. கிராங்க் போற கோடும் பின் டிபரன்சல் மூக்கின்ர கோடும் ஒண்டுக்கொண்டு சமாந்தரமா இருக்கோணும், இல்லாட்டி புரொப்பலர் ஜொயின்ற் நடுங்கும், எவ்வளவு பலன்ஸ் பண்ணினாலும் அந்த நடுக்கம் போகாது. போனில இருக்கிற சரிவு பாக்கிற அளவியை வச்சு முன்னும் பின்னும் பாத்துப் பாத்துக் கட்டையைச் செருகினம். நிலை சரியா வந்தாப் பிறகுதான் மட்டைக் காட்போட்டில அச்சு வெட்டி மவுண்டிங் பிராக்கெற் செய்தது, பழைய மவுண்டிங் இருந்த அதே போல்ட் ஓட்டையளில பூட்டுற மாதிரி.

மைனரில ரெண்டு விசயம் இந்த வேலைக்கு நல்ல வாய்ப்பா அமைஞ்சிருக்கு. கியர் பொக்சைத் தாங்கிற குறுக்குச் சட்டம் போல்டில கழட்டிற மாதிரி, கியர் பொக்சுக்கு மேல உள்ளுக்கை இருக்கிற மூடியும் கழட்டிற மாதிரி. அதால புதுச் சட்டம் ஒண்டும் புது மூடி ஒண்டும் செய்து கியர் கம்புக்குரிய ஓட்டையைப் புது மூடியில பின்னுக்குத் தள்ளிப் போட்டம், பழசு ரெண்டும் எண்ணெய் பூசிச் சாக்குக்கை இருக்கு.

கிளச் கொஞ்சம் யோசிக்க வச்சுது. மைனரில கிளச் கம்பியும் நெம்புகோலும், 120வையில ஹைட்ராலிக். பெடலின்ர கீழ் முனையில பழைய கம்பி கொழுவின ஓட்டையிலயே சின்ன மாஸ்டர் சிலிண்டர் ஒண்டைத் தள்ளுற மாதிரிப் பூட்டினம், பெடல் அதே பெடல்தான், காலுக்கு முந்தியதை விட லேசா இருக்கு. புரொப்பலர் ஷாஃப்டுக்கு முன் பாதி டட்சன், பின் முனை மொறிஸ், லேத்தில நீளம் வெட்டி ஒட்டிப் பலன்ஸ் பாத்தது. இந்த வேலையை லேத் அனுபவம் உள்ள ஆளிட்டக் குடுங்கோ, இதில மட்டும் காசு பாக்காதேங்கோ.

டிபரன்சலை மாத்தவேணுமோ எண்டு கனபேர் கேக்கினம். தேவையில்லை. டிபரன்சல் விகிதம் 1098 மைனரில 4.22, டட்சன் 1200இல 3.9, பாத்தா வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனா டட்சன் சில்லு 12 இஞ்சி, மைனர் 14. ரயர் உயரத்தையும் சேத்துக் கணக்குப் பாத்தா மைனரின்ர 4.22 டட்சன் சில்லுக்குக் கிட்டத்தட்ட 3.97க்குச் சமன், அதாவது எஞ்சினுக்கு அது பழகின பாரம்தான். முதல் கியருக்கும் இப்ப கியர் சத்தமில்லாமல் விழ உதவுற சிங்க்ரோ இருக்கு, மைனரின்ர பழைய பொக்சில முதல் கியருக்கு அது இல்லை, சந்தியில மெதுவா வந்து முதலாம் கியர் போட்டா கரகரக்கும்.

வயரிங்கில ஒண்டு கவனம். மைனர் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின்ர பொசிட்டிவ் முனை பொடியில, டட்சன் நெகற்றிவ் எர்த். டைனமோ, அதின்ர கட்அவுட் பெட்டி, எஸ்யூ மின்சாரப் பெற்றோல் பம்ப் மூண்டையும் எடுத்திட்டம், டட்சன் எஞ்சினில பம்ப் புளொக்கிலயே இருக்கு, ஓல்டனேட்டர் தாராளமாச் சார்ஜ் பண்ணுது. பழைய துணி சுத்தின வயர் தொட்டா உதிர்ந்தது, அதை ஒட்டுப்போடாமல் முழுக்க மாத்தி ஒவ்வொரு பகுதிக்கும் பியூஸ் போட்டம், மைனரில கம்பனி தந்தது ரெண்டே ரெண்டு பியூஸ்தான்.

ரேடியேட்டரைத் திறந்தா உள்ளுக்குக் கல்லுப் போலச் சுண்ணாம்பு. எங்கட நிலமே சுண்ணக்கல், கிணத்துத் தண்ணியை விட்டு விட்டு ஓடினா வேற என்ன வரும். கோர் புதுசாப் போட்டு, எஞ்சின் புளொக்கில தண்ணி ஓட்டையளை அடைக்கிற வெல்ஷ் பிளக் எல்லாத்தையும் எஞ்சின் வெளியில இருக்கேக்கையே மாத்தினம், உள்ளுக்கு ஏத்தினாப் பிறகு பின்னுக்கு இருக்கிறதுக்குக் கை போகாது. இப்ப வடிச்ச தண்ணியும் கூலன்டும் மட்டும்தான், அதுவும் இல்லாத இடத்தில மழைத்தண்ணி.

பொன்னெற்றைப் பூட்டேக்கை அண்ணைக்கு ஒரு விசயம் காட்டினனான். மைனர் பொன்னெற்றுக்கு நடுவில நீளத்துக்கு ஒரு தட்டையான பட்டி போகும். வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ், 1948இல கார் வெளிவாறதுக்குக் கொஞ்சம் முன்னம், கார் ஒடுக்கமாத் தெரியுதெண்டு முன்மாதிரியை நடுவால வெட்டி நாலு இஞ்சி அகட்டினவர், அந்த நாலு இஞ்சிதான் அந்தப் பட்டி. அண்ணை அதைக் கையால தடவிப் பாத்து, "அப்ப நான் ரெண்டு இஞ்சி வெட்டினா என்ன பிழை" எண்டார்.

ஸ்டார்ட் பண்ணினது ஒரு பின்னேரம், பிளக் இல்லாமல் ஒயில் பிரசர் வரும் வரைக்கும் சுத்த விட்டு, பிறகு பிளக் போட்டு. உடனை பிடிச்சுது. இக்னிஷனை 92 ஒக்டேன் பெற்றோலுக்கு ஏத்த மாதிரிச் சரிபண்ணி, கிட்டடியில ஓடி ஒவ்வொரு போல்டையும் திருப்பி முடுக்கினம். யாழ்ப்பாணத்தில ஏத்தம் எண்டு ஒண்டில்லை, எஞ்சினைச் சோதிக்கிறதெண்டா ஏ9ஆல மத்தியானத்தில ஓடோணும். கொடிகாமம் தாண்டி ஆனையிறவு வரைக்கும் எதிர்காத்தில மணிக்கு 80இல போனம், சூடு ஏறேல்லை, புரொப்பலர் நடுக்கம் இல்லை, போன் காட்டுற வேகத்துக்கும் மீற்றருக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, மீற்றர் கூடக் காட்டுது, அதுக்கு ஒரு சின்னக் கியர் மாத்தோணும். திரும்பி வந்து கீழ மட்டை விரிச்சு விட்டுப் பாத்தன், விடிய ஒரு துளி ஒயிலும் இல்லை.

மிச்சம் இருக்கிறது: பின் அச்சுச் சீல் ஒண்டு கசியுது, லீவர் ஷொக் அப்சோபர் நாலுக்கும் ஒயில் மாத்தினம், ஆனா முன் இடது பக்கம் இன்னும் மெலிவு, அது கழட்டித் திருத்தோணும். உள் கூரைத் துணி, சீற் கவர் எல்லாம் அடுத்த காசு வந்தாப் பிறகு. எஞ்சின் நம்பர் மாத்தத்துக்குக் கடுதாசி குடுத்திருக்கு, புத்தகம் வாற வரைக்கும் இனிக் கார் ஊருக்கை ஓடாது, கராச்சிலதான் நிக்கும். பழைய 1098 எஞ்சின் கரியெல்லாம் சுரண்டி, சிலிண்டருக்குக் கிறீஸ் பூசி, கராச் மூலையில ஸ்டாண்டில இருக்கு, ஸ்லீவுக்கு மட்டும் விலை விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்.